தர்மத்துக்குக் கொடுத்த உள்ளங்கி

நடுவர் ஐயா, உங்கள் அங்கியின் இடது தோள் சற்றே தூக்கிக்கொண்டு நிற்கிறது. தைத்தவன்மேல் முழுத் தப்பும் இல்லை. எழுத்து வேலை பார்ப்பவர்களுக்கு வலது தோள் இறங்கிவிடும். அதைப் பார்த்து அளவெடுத்திருக்க வேண்டும். குறை சொல்லவில்லை. நீங்கள் உட்கார்ந்ததும் கண்ணில் பட்டது, சொன்னேன்.

கீழ் அறையில் இருக்கும் இரும்புச் சாமான்களை எனக்குக் காட்டும்படி உத்தரவாம். காவலாளி வந்து பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனான். அதற்கெல்லாம் தேவை இருக்காது. நான் ஆல்டன்வீக் நகர மன்றத்து பெர்டோல்டின் மனைவி ஹில்லெகுண்ட். என் அப்பா மன்றத்தில் இருந்தவர், அவருடைய அப்பாவும் இருந்தவர். எங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டால் பதில் சொல்வோம். கையை முறுக்க வேண்டியதில்லை. அந்தத் தாலெகெக்கு ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்கிறீர்கள். நிதானமாகவே சொல்கிறேன். புரிந்துகொள்வது உங்கள் பாடு.

துணி குளிருக்கு மட்டும்தான் என்றால் ஆட்டுக்கு இருப்பது நமக்கும் போதும். மனிதர்கள் உடுத்துவது, எதிரே வருகிறவர் யாரென்று தூரத்திலேயே தெரிந்து வழிவிடுவதற்காக. இந்த ஊரில் அது கெட்டுப்போயிருந்தது. ஒரு ஈஸ்டர் பூசைக்குக் கசாப்புக்காரன் மனைவி கழுத்தைச் சுற்றி அணில் ரோமம் வைத்துத் தைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு வேர்த்து வழிந்தது. சாம்பிராணியையும் மீறிப் பன்றி வாடை. முன்னால் நின்ற யாரோ ஒரு வெளியூர்க்காரி அவளைப் பெரிய இடத்துப் பெண் என்று நினைத்து ஒதுங்கி இடம் கொடுத்தாள். என் கண்ணால் பார்த்தேன்.

அன்று சாப்பிடும்போது நான் பெர்டோல்டிடம் சொன்னதுதான் பிற்பாடு சட்டமாயிற்று. வேலைக்காரிகளுக்கு ரோமம் கிடையாது. கைத்தொழில்காரர் மனைவிகளுக்கு ஆட்டுக்குட்டித் தோல். வணிகர் மனைவிகளுக்கு அணில். மன்றத்தார் மனைவிகளுக்கு மட்டும் மரநாய் ரோமம், வெள்ளிக் கொக்கி, முத்து. பெர்டோல்ட் மன்றத்தில் எழுந்து தன் சொந்த யோசனை போல அதைச் சொன்னார். அவருக்குச் சொந்தமாகத் தோன்றியது என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், பீரில் இஞ்சி போடலாம் என்பது.

தாலெகெ துணி மிதிப்பவன் மகள். அது என்ன தொழில் என்று உங்களுக்குத் தெரியும். தறியிலிருந்து வந்த கம்பளித் துணியைப் பழைய மூத்திரத் தொட்டியில் போட்டுக் காலால் மிதிப்பது. அந்தத் தெருவைத் தாண்டும்போது நாங்கள் வாயில் கிராம்பை அடக்கிக்கொள்வோம். அங்கிருந்துதான் அவளைத் தையலுக்கு வீட்டோடு வைத்துக்கொண்டேன். ஒரு மாதம் தினமும் குளிக்கச் சொன்னேன். குளித்தாள். முகம் சுளிக்காமல் எல்லாம் செய்வாள். அது ஒரு வகைத் திமிர் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது.

தையலில் சுத்தமான கை. அதை மறைக்க மாட்டேன், நான் நியாயமானவள். அப்போதெல்லாம் உடுப்பின் கை என்பது உடம்போடு ஒட்டிய ஒரு பை. கையைத் தூக்கினால் பாவாடையும் கூடவே எழும்பும். அவள் அக்குளை வளைத்து வெட்டி, கையைத் தனியாகப் பொருத்தி, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை பொத்தான் வைத்தாள். போட்டுக்கொண்டு கையைத் தூக்கினேன். துணி இருந்த இடத்திலேயே இருந்தது. பெந்தெகொஸ்தே அன்று அதை உடுத்திக்கொண்டு கோயிலுக்குப் போனேன். கோயிலே திரும்பிப் பார்த்தது. பூசை முடியும்வரை கூடப் பொறுக்காமல் உப்பு வணிகர் மனைவி கேஸெகெ நகர்ந்து நகர்ந்து என் பக்கம் வந்துவிட்டாள்.

“அக்கா, அடேயப்பா, என்னா வெட்டு! யாரு தச்சது?”

“நம்ம வீட்டுல ஒரு பொண்ணு இருக்கு.”

“ஒரு வாரம் எங்க வீட்டுக்கு அனுப்புங்களேன். உங்களுக்கே இப்படி எடுப்பா இருக்குன்னா, எனக்குத் தச்சா எப்படி இருக்கும்!”

எல்லோரும் யார் தைத்தது என்றுதான் கேட்டார்கள். யார் உடுத்தியிருக்கிறாள் என்று ஒருத்தியும் பார்க்கவில்லை. நான் ஒரு கொடிக்கம்பம் போல நின்றேன்.

ஹார்ட்விக் என்பவர் நோவ்கரோதிலிருந்து ரோமம் வாங்கி வந்து விற்பவர். மனைவியை இழந்தவர். கப்பல் வந்ததும் முதல் சரக்கை என்னிடம்தான் காட்டுவார். ஒருநாள் அவருடைய கையுறை விரலிடுக்கில் கிழிந்திருப்பதைப் பார்த்துத் தாலெகெயைத் தைத்துக்கொடுக்கச் சொன்னேன். அவர் கழற்றாமலே நீட்டினார்.

“கையைக் கழட்டி வச்சுட்டு உறையை மட்டும் குடுத்தீங்கன்னா சீக்கிரம் முடியும்” என்றாள் அவள்.

“கைய நீயே வச்சுக்கோயேன்” என்றார் அவர்.

அவ்வளவுதான் காதல். அடுத்த கப்பல் வருவதற்குள் கல்யாணம். நான் ஒரு பித்தளை விளக்குத்தண்டு பரிசாகக் கொடுத்தேன். நாட்டில் புத்தி கெட்ட ஆண்பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை, இதில் நான் கோபப்பட என்ன இருக்கிறது? அணில் ரோமம் வரைக்கும் ஏறிவிட்டாள், அங்கேயே நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் ஹார்ட்விக்கை மன்றத்துக்குத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். மரநாய் ரோமமும் முத்தும் அவளுக்கு உரிமையாகிவிட்டன. நான் போட்ட சட்டம் கதவைத் திறந்து, உள்ளே வாங்கம்மா என்று அவளைக் கூப்பிட்டது. அவள் முதல் முறையாக மன்றத்தார் மனைவிகள் வரிசையில் நிற்கப்போகும் ஞாயிற்றுக்கிழமையை ஊரே எதிர்பார்த்தது. நானும்தான். அடகுக்கடை மாதிரி எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வந்து நின்றிருப்பாளானால் நான் சிரித்திருப்பேன், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

அவள் நீலக் கம்பளி உடுத்தி வந்தாள். ரோமம் இல்லை, வெள்ளி இல்லை, ஒரு முத்துகூட இல்லை. கழுத்து வெட்டு தோளிலிருந்து தோளுக்கு நேராக ஓடியது. நடந்தபோது துணி அவளோடு நடந்தது. அவள் வந்து என் பக்கத்தில் நின்றாள். மரநாய் ரோமத்துக்குள் நான் கரடி வித்தைக்காரனின் கரடி போல இருந்தேன்.

சட்டத்தில் இதற்கு மேல் கூடாது என்றுதான் எழுதியிருந்தோம். இதற்குக் கீழே கூடாது என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை. அவள் சட்டத்தை மீறியிருந்தால் இன்றைக்கு நன்றாக இருந்திருப்பாள். அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள். அவள் மீறவில்லை. அதுதான் தொந்தரவு.

கோடை முடிவதற்குள் ஊர்ப் பெண்கள் ரோமத்தைப் பிரித்து எடுத்துவிட்டார்கள். காலம் காலமாக அதற்காகப் புருஷன் உயிரை வாங்கியவர்கள், ஒரே வெட்டில் பிரித்தார்கள். “ரோமம் வச்சா இப்பல்லாம் கெழவி மாதிரி தெரியுதுக்கா” என்று கேஸெகெ என் கழுத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நீலச் சாயம் ஊரில் தீர்ந்துபோயிற்று. ரொட்டிக்காரி நீலம், செருப்புத் தைப்பவன் மகள் நீலம், மன்றத்தார் மனைவி நீலம். எதிரே வருவது யார் என்று மறுபடியும் தெரியாமல் போயிற்று. இந்தப் பெண்கள் ஆட்டு மந்தை என்று நான் எப்போதும் சொல்வேன். ஆனால் மந்தைக்கும் ஒரு மணி கட்டிய ஆடு வேண்டும், அது எந்தத் தொழுவத்திலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டாமா?

மிக்கேல் சம்மனசு திருநாளன்று கோயில் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தோம். நான் புது உடுப்பு உடுத்தியிருந்தேன். வேறொரு தையற்காரனை வைத்து, ஆம், அதே மாதிரி கழுத்து வைத்துத் தைக்கச் சொன்னது. தாலெகெ என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து வந்தாள். எல்லோர் முன்னாலும் என் தோளைத் தொட்டாள்.

“அம்மா, கோவிச்சுக்காதீங்க. இந்தத் தோளு உங்களை இழுக்குது. குடுத்தனுப்புங்க, நான் பிரிச்சுத் தச்சுத் தரேன். எம்மாம் நேரம் ஆயிடப்போகுது. வெளியாளுக்கிட்ட ஏம்மா போறீங்க, நான் இல்லையா?”

யாரோ சிரித்தார்கள். கேஸெகெயாகத்தான் இருக்கும்.

அவள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை என்கிறீர்கள். எனக்கும் தெரியும், ஐயா. கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருந்தால் அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். நல்ல எண்ணத்துக்குப் பதில் சொல்லக் கொஞ்ச காலம் பிடிக்கிறது.

ஏழைகளுக்கு ரொட்டி கொடுப்பதை நான்தான் பல வருஷமாகப் பார்த்து வந்தேன். கோயில் வாசலில் புண்ணைக் காட்டிக் கூவுகிறவர்களில் பாதிப் பேர் பொய். ஊடா என்றொரு பிச்சைக்காரி, திருநாள் வந்தால் முழங்கால் நிறையப் புண்ணோடு வருவாள். திருநாள் போனால் புண்ணும் போய்விடும். ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு மிரட்டினேன்.

“வேலியோரத்துப் பால்செடிதாம்மா. ஒடிச்சா பால் வடியும், தடவிக்குவோம். தோலு பொங்கிடும். நிறுத்திட்டா ஆறிடும். எங்க சொத்தே அதுதாம்மா, காட்டிக் குடுத்துடாதீங்க” என்று அழுதாள்.

நான் காட்டிக்கொடுக்கவில்லை. என் இரக்கங்களையும் எழுதிக்கொள்வதானால் அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கிறிஸ்துமஸுக்குத் தாலெகெக்கு லினன் உள்ளங்கிகள் பரிசனுப்பினேன். கூடவே நெற்றியைச் சுற்றிக் கட்டும் தலைத்துணியும். மிக மெல்லிய லினன், வெயிலில் வெளுத்தது, என் வீட்டுச் சலவையறையில் நானே கைப்பட அலசியது. எதில் அலசினேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. எப்படி என்பதை உங்கள் எழுத்தர் எழுத வேண்டாம். இந்த ஊரில் நாலு பேர் படிப்பார்கள், நாலு பேரும் செய்து பார்ப்பார்கள்.

மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்து ஒரு மதியம் அவள் என் வீட்டுப் பின்வாசல் வழியாக வந்தாள். மன்றத்தார் மனைவியான பிறகும் பின்வாசல் வழியாகத்தான் வருவாள். அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கழுத்துத் துணியை விலக்கினாள்.

“அம்மா, யாருக்கிட்டயும் சொல்லிடாதீங்க. இங்க பாருங்க. எரியுது. அவருக்குக்கூடக் காட்டல.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உன் துணிகளை ஆற்றங்கரை வண்ணாத்திகளிடம் போடாதே, அவர்கள் துவைக்கிற சாம்பல்காரம் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, என்னிடம் அனுப்பு, மூலிகைத் தண்ணீரில் அலசித் தருகிறேன் என்றேன். அவள் என் கையை முத்தமிட்டாள். அன்றிலிருந்து வாரந்தோறும் அவள் வீட்டிலிருந்து ஒரு துணி மூட்டை வரும். வாரந்தோறும் திருப்பி அனுப்புவேன். வேலைக்காரிகள் யாரையும் தொடவிடவில்லை. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

தவக்காலத்துக்குள் கழுத்து, அக்குள், மார்பு, தலைத்துணி படும் நெற்றி எல்லாம் புண்ணாகி விட்டது. புருவ மயிர் உதிர்ந்தது. ஊரில் நான் ஒரு வதந்தியும் கிளப்பவில்லை. கேஸெகெயிடம் மட்டும், தாலெகெக்கு உடம்பு சரியில்லை, என்ன ஏதென்று யாரும் கேட்டால் எதுவும் சொல்லாதே என்று சொல்லி வைத்தேன்.

அடுத்த ஞாயிறு கோயிலில் அவளைச் சுற்றி ஒரு வண்டி திரும்பும் அளவுக்கு இடம் இருந்தது.

தொழுநோய்தானா என்று சோதித்தவர்கள் மூன்று பேர்: ஒரு நாவிதர், பங்குச்சாமியார், மீன் கிடங்கு வைத்திருக்கும் மன்றத்தார் ஒருவர். மூவருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்திருந்தால் நான் பிடிபட்டிருப்பேன். சோதனைக்கு வீட்டுப் பெண்கள் யாராவது துணை வேண்டும் என்றார்கள், நான் போனேன். தொழுநோய் என்றால் தோலுக்கு உணர்ச்சி இருக்காது, ஊசியால் குத்திப் பார்க்க வேண்டும் என்றார் நாவிதர். அவளைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு இடது கையைப் பிடித்து ஆள்காட்டி விரல் நுனியில் குத்தினார். ஊசி இறங்கியது. அவள் அசையவில்லை. கண்ணைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

“ஐயா, அது தையக்காரி விரலுங்க. பத்து வருஷமா ஊசி குத்திக் குத்திச் செத்த தோலு. வேற எங்க வேணாலும் குத்துங்க.”

“எல்லாருமே இப்படித்தாம்மா ஒரு காரணம் சொல்றாங்க” என்றார் மீன் கிடங்குக்காரர்.

அவள் என்னைப் பார்த்தாள். “நீங்க சொல்லுங்கம்மா, உங்களுக்குத் தெரியுமே” என்றாள். அந்த விரலால்தான் என் வீட்டில் எத்தனையோ வருஷம் தைத்தாள், எனக்குத் தெரியும்தான். பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள் தாலெகெ, அமைதியாக இரு என்றேன்.

தொழுநோயரை ஊரைவிட்டுப் பிரித்து அனுப்பும் பூசையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உயிரோடு இருப்பவரைக் கறுப்புத் துணிக்கு அடியில் மண்டியிட வைத்து, இறந்தவர்களுக்கான ஜெபத்தைச் சொல்லி, காலில் கல்லறை மண்ணைப் போடுவார்கள். பிறகு சாம்பல் நிற அங்கி, கையுறை, வருவதை அறிவிக்க ஒரு மரக்கிலுக்கை. அந்தச் சாம்பல் துணியைத் தானமாகக் கொடுத்தது நான்தான். முரட்டுத் துணி. அங்கே அது போதும். ஹார்ட்விக் தூணைப் பிடித்துக்கொண்டு மாடு போல அழுதார். அவள் அழவில்லை. அங்கியை மேலே போட்டதும் குனிந்து கீழ் விளிம்பைப் பார்த்தாள். நேராக வெட்டவில்லை என்று பார்த்திருப்பாள். ஆல்டன்வீக்கில் எந்தப் பெண்ணும் இனி அவள் உடுத்துவதைப் பார்த்து உடுத்த மாட்டாள் என்று நினைத்தபோது எனக்கு மூச்சு தாராளமாக வந்தது. மகிழ்ச்சி என்று சொல்ல மாட்டேன். வீட்டைப் பெருக்கி முடித்தால் வருமே, அது.

ஒரே வாரத்தில் நீலத் துணியெல்லாம் பெட்டிக்குள் போயிற்று. சிலர் கொளுத்தினார்கள். கேஸெகெ தன்னுடையதைக் கொல்லையில் புதைத்துவிட்டு, தாலெகெயை ஆரம்பத்திலிருந்தே தனக்குப் பிடிக்காது என்றாள்.

அத்தோடு விட்டிருக்கலாமே என்கிறீர்கள். விடத்தான் நினைத்தேன். ஆனால் ஹார்ட்விக் மன்றத்தில் மன்றாடி, வருஷத்துக்கு ஒருமுறை ஈஸ்டருக்கு முன் அவளை மறுபடி சோதிக்க வேண்டும் என்று அனுமதி வாங்கிவிட்டார். குளிர்காலத்தில் ஊர் வாசலுக்கு வெளியே உள்ள தொழுநோயர் விடுதிக்கு வேலி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னிடமே சொன்னார்: “ஆறிட்டு வருதும்மா. புருவம் முளைக்குது. நீங்க செஞ்ச ஜெபம்தான்.”

கல்லறை மண் போட்டு அனுப்பியவள் திரும்பி வந்தால் ஊர் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். முன்பு நீலம்தான் உடுத்தினார்கள்; இப்போது அவளைப் புனிதை என்றே கும்பிடுவார்கள். எனவே தவக்கால தர்மமாக, விடுதியில் இருக்கும் எல்லோருக்கும் லினன் உள்ளங்கி அனுப்ப ஆரம்பித்தேன். மற்றவர்களுக்குச் சாதாரண லினன். அவளுக்கு மட்டும் மெல்லிய ரகம், மன்றத்தார் மனைவி அல்லவா, தலைத்துணியோடு. சோதிப்பவர்கள் போகும்போது அவள் நெற்றியும் கழுத்தும் முன்போலவே இருந்தன.

அப்படி ஆறு தவக்காலம். பங்குச்சாமியார் பிரசங்கத்தில் என் பேரைச் சொன்னார். மற்றப் பெண்களும் தர்மம் செய்யத் தொடங்கினார்கள். எல்லோரும் லினன் அனுப்பினார்கள். இந்த ஊரில் தர்மத்துக்கும் ஒரு மோஸ்தர் வேண்டும் என்பது அப்போது தெரிந்தது. நான்காம் வருஷம் ஹார்ட்விக் துக்கம் தாளாமல் கப்பலேறிப் போனார். காய்ச்சலில் இறந்ததாகச் செய்தி வந்தது. துக்கம் வந்தால் ஆண்கள் எங்காவது போய்விடுகிறார்கள், வசதி. அவள் எங்கும் போக முடியாது.

வருஷத்தில் ஒருநாள் நானே போவேன். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, வேலிக்கு இந்தப் பக்கம் நிற்பேன். அவள் கிலுக்கையை ஆட்டிக்கொண்டு வருவாள்.

“நீங்க ஒருத்தர்தாம்மா என்னை மறக்கல. பனிக்காலம் பூரா தோலு சுத்தமா இருக்குதும்மா, பாலு மாதிரி. இந்தச் சோதனை வர்ற நேரத்துக்குன்னு பாவி நோவு திரும்பிடுது. சாமி எம்மேல ஏதோ கோவமா இருக்காரு. நான் என்ன செஞ்சேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன்.”

“பொறுமையா இரு, தாலெகெ. அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்பேன்.

“உங்களுக்காக தினமும் ஜெபிக்கிறேம்மா” என்பாள்.

அவள் ஜெபித்தது வீண் போகவில்லை என்றே நினைக்கிறேன். அந்த வருஷங்களில் எனக்கு ஒரு ஜலதோஷம்கூட வந்ததில்லை.

இந்தத் தவக்காலத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். அந்த விடுதியை மேற்பார்க்கும் பெலெ என்பவள் நோய் இல்லாதவள், வாட்டசாட்டமானவள். தாலெகெக்கு என்று நான் அனுப்பிய மெல்லிய உள்ளங்கியைப் பார்த்ததும் அவளுக்கு ஆசை வந்துவிட்டது. அழுகிப்போகிற உடம்புக்கு இது எதற்கு என்று தனக்கு எடுத்துக்கொண்டு, தாலெகெயிடம் ஒரு பழையதைக் கொடுத்துவிட்டாள். தன் அக்காள் மகள் கல்யாணத்துக்கு அதை உள்ளே போட்டுக்கொண்டு போய் ராவெல்லாம் ஆடியிருக்கிறாள். வியர்வை சும்மா விடுமா? மறுநாள் உடம்பு பொங்கிப்போய்த் தெருவில் நின்று அலறினாளாம்.

“எனக்கு ஒரு நோவும் கெடையாது! அந்தப் பெரிய எடத்தம்மா அனுப்புன சட்டைய ஒரே ஒரு நாளு போட்டேன், வேற ஒரு பாவமும் பண்ணல!”

அதே வாரம் சோதனைக்குப் போனவர்கள் தாலெகெயின் தோலில் ஒரு வடுவைத் தவிர ஒன்றும் காணவில்லை. முன்பு ஊசி குத்திய அதே நாவிதர், ஏழு வருஷம் கழித்து அவருக்கும் அறிவு வந்து, பெலெயின் உள்ளங்கியில் ஒரு துண்டைக் கிழித்துத் தன் முன்கையில் கட்டிக்கொண்டு தூங்கப்போனார். விடியும்போது அவருக்கும் எல்லாம் புரிந்துவிட்டது. பிறகு என் சலவையறையைத் திறந்தீர்கள். ஊடாவைப் பிடித்து வந்தீர்கள். நான் எதையும் மறுக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு திருடி இல்லாவிட்டால் உங்களில் ஒருவருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அடுத்தவளுக்கு என்று தைத்ததை எடுத்து உடுத்தியவளை விட்டுவிட்டீர்கள்; என்னை உள்ளே வைத்திருக்கிறீர்கள்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். ஹார்ட்விக்கின் மனைவி தாலெகெக்கு ஒருநாளும் தொழுநோய் இருந்ததில்லை. அவள் தோலை நான்தான் புண்ணாக்கினேன், வருஷா வருஷம், தெரிந்தே, ஒரு கோபமும் இல்லாமல். அவளை உயிரோடு புதைக்கும்போது பக்கத்தில் நின்றேன். எழுதிக்கொள்ளுங்கள். எங்கே கையொப்பம் வைக்க வேண்டும் என்று காட்டுங்கள்.

இன்னும் ஒன்று. போன செவ்வாய்க்கிழமை அவளை என்னைப் பார்க்க அனுமதித்தீர்கள். அவளே கேட்டு வாங்கிய அனுமதி என்று காவலாளி சொன்னான். வாசலில் நின்றாள். சுருக்கம் விழுந்திருந்தது, புருவம் பாதி. நான் எழுந்து நிற்கவில்லை.

“ஏம்மா?” என்றாள்.

வேறெதுவும் கேட்கவில்லை. திட்டியிருக்கலாம், காறித் துப்பியிருக்கலாம், அதற்கு நான் தயாராக இருந்தேன். நான் பொய் சொல்கிறவள் அல்ல, எனவே சொன்னேன்: மிக்கேல் சம்மனசு திருநாளன்று, கோயில் முற்றத்தில், அத்தனை பேர் முன்னால், என் தோளைத் தொட்டு, உடுப்பைப் பிரித்துத் தைத்துத் தருகிறேன் என்று சொன்னாயே.

அவள் வெகுநேரம் யோசித்தாள். ஏழு வருஷமும் யோசித்துப் பழகிய முகம்.

“எந்த உடுப்பும்மா?” என்றாள். “எனக்கு ஞாபகம் இல்லையே.”

நடித்தாள் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படி நினைத்துப் பார்த்தேன். இல்லை, ஐயா. உண்மையிலேயே ஞாபகம் இல்லை.

அவள் இன்னும் அந்தச் சாம்பல் அங்கியைத்தான் போட்டிருந்தாள். மன்றத்தில் புது உடுப்பு வாங்கித் தருகிறோம் என்றார்களாம், வேண்டாம் என்றுவிட்டாளாம். நான் தானம் கொடுத்த அதே முரட்டுத் துணிதான், கோணி மாதிரி இருந்தது. ஆனால் அவள் அதை இடுப்புக்கு மேலே பிடித்து, முதுகுப் பக்கம் ஏதோ ஒரு மடிப்பு வைத்திருந்தாள். திரும்பிப் போகும்போது பார்த்தேன். அது தோளிலிருந்து தண்ணீர் போல இறங்கியது.

இந்தக் கோபுர அறையின் ஜன்னல் சந்தையைப் பார்த்திருக்கிறது. நேற்றுக் காலை ரொட்டிக்காரி சாம்பல் உடுத்தி வந்தாள். பின்னாலேயே இரண்டு இளம்பெண்கள். பிறகு கேஸெகெ, இந்த வயதில், முதுகில் மடிப்பு வைத்த சாம்பல். ஏழு வருஷம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிய துணி. இந்த ஊரைப் பற்றி நான் சொன்னது எவ்வளவு சரி என்று இப்போதாவது உங்களுக்குப் புரிந்திருக்கும். வெட்கம் கெட்டவர்கள், எதைக் கண்டாலும் போட்டுக்கொள்வார்கள். எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

எனக்கு இங்கே கொடுத்திருக்கும் போர்வையும் ஏறக்குறைய அதே துணிதான். பகலெல்லாம் அதைத் தோளில் போட்டு, பின்னால் கையை விட்டு மடித்து மடித்துப் பார்க்கிறேன். அந்த மடிப்பு எனக்கு வரவில்லை.